முதல் ஐப்பசி: டெல்டா வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊருக்குத் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசியில்தான் வருகிறார்கள். சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் பச்சை கட்டியிருக்கும். காலையில் பனி, மாலையில் இதமான காற்று. தாத்தா வீட்டுக்கு வெள்ளையடித்து, ஒரு பசு, நாலு ஆடு, பத்துக் கோழி வாங்கி, கொல்லையில் கத்தரியும் வெண்டையும் போட்டுவிட்டு, "இனிமேல் இங்கேதான்" என்று சொல்கிறார்கள். அவர்களை ஐப்பசி பதினைந்துக்கு மேல் மறுபடி போய்ப் பார்ப்பது என் வழக்கம். அப்போது முகம் வேறு மாதிரி இருக்கும்.

நானும் அப்படி வந்தவன்தான். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், முக்கால் ஏக்கர் கொல்லையோடு ஓர் ஓட்டு வீடு. முதல் ஐப்பசியில் வைக்கோல் போர் பூஞ்சணம் பிடித்தது, மூன்று ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது, கத்தரிச் செடிகள் நின்ற நிலையிலேயே செத்தன. அத்தனைக்கும் காரணம் வெளியேற வழியில்லாத ஈரம் ஒன்றுதான் என்று எனக்கு விளங்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

புரட்டாசி முதல் கார்த்திகை வரைக்குமான வேலைகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். குளிர்நாடுகளில் இது இலை உதிரும் காலம். நமக்கு இலை உதிராது, முருங்கைக் கிளை முறிந்து விழும். பழைய இலக்கணம் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று தனிப் பருவமாகவே பிரித்து வைத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். முன்னேற்பாடுகளுக்கு அதுதான் கெடு. முதலில் தண்ணீர் வெளியேற வழி, அடுத்தது தீவனம், அதற்கடுத்தது கொட்டகை, செடியெல்லாம் பிறகு. செடியில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் வடிகால்

ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. அன்றிலிருந்து ஊரில் ஒரே கேள்வி, "தண்ணீர் வந்துவிட்டதா?" புரட்டாசி கடைசியில் அந்தக் கேள்வி தலைகீழாகிவிடும்: "தண்ணீர் வடியுமா?" புதிதாக வந்தவர்களுக்கு முதல் கேள்வி மட்டும்தான் காதில் விழுகிறது. நமது களிமண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதிப்போய்ச் சொட்டுத் தண்ணீரையும் உள்ளே விடாது. மேலே நிற்கும் தண்ணீர் ஓடினால்தான் உண்டு.

புரட்டாசியில் இடியோடு ஒரு மழை எப்படியும் வரும். எதிர்வீட்டு அப்பாயி எனக்குச் சொன்னது இதுதான்: "வீட்டுக்குள் உட்கார்ந்து பஜ்ஜி தின்னாதே தம்பி. குடையை எடுத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வா." கையில் பத்துப் பன்னிரண்டு குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்திலெல்லாம் ஒன்று நடுங்கள். மழை விட்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி சுற்றுங்கள். எந்தக் குச்சியின் அடியில் இன்னும் தண்ணீர் நிற்கிறதோ அங்கிருந்து ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிப் பெரிய வடிகாலில் சேர்த்துவிடுங்கள். வெட்டிய மண்ணை வாய்க்கால் ஓரத்திலேயே குவிக்காதீர்கள். அடுத்த மழையில் அது உள்ளே இறங்கிவிடும். தென்னை அடிக்கோ வாழை அடிக்கோ கொண்டுபோய்ப் போடலாம்.

உங்கள் வேலியோடு வேலை முடியவில்லை. அந்த வடிகால் ஊர் வாய்க்காலில் சேருமிடம் வரை நடந்து பாருங்கள். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருக்கும், அல்லது யாரோ வீடு கட்டிய கட்டுமானக் கழிவைக் கொட்டியிருப்பார்கள். என் விஷயத்தில் ஒரு வண்டி உடைந்த ஓடும் செங்கல்லும் கிடந்தன. கொட்டியது யார் என்று விசாரித்தபோது முன்பு எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றிய கதை வந்தது. அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

பக்கத்துக் கொல்லைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "சித்தப்பா, வேலியோர வாய்க்காலை இரண்டு பேருமாகச் சேர்ந்து வெட்டிவிடலாமா?" என்று புரட்டாசியில் கேட்டால் மண்வெட்டியோடு வருவார். ஐப்பசி நடுவில் உங்கள் தண்ணீரை அவர் கொல்லைக்குத் திருப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால், பஞ்சாயத்தார்தான் வருவார்கள்.

எருக்குழியை மட்டும் எதிர்மாறாகக் கவனிக்க வேண்டும். அதற்குள் வெளித்தண்ணீர் வரக்கூடாது. சுற்றிலும் ஓரடி உயரத்துக்கு வரப்புப் போட்டு, மேலே தென்னங்கீற்று மூடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் சேர்த்த சத்து கறுப்புத் தண்ணீராக ஊர் வாய்க்காலுக்குப் போய்விடும்.

வைக்கோல் போர்

புரட்டாசியில் குறுவை அறுவடை நடக்கும். "வைக்கோல் மலிவு, வாங்கிப் போடுங்கள்" என்பார்கள். மலிவுக்குக் காரணம் உண்டு: பாதி ஈரம். இயந்திரம் அறுத்து, மழையில் நனைந்து, அவசரமாகக் கட்டுப்போட்ட வைக்கோல் உள்ளே சூடாகிக் கறுத்துவிடும். கட்டைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ வேண்டாம். கிடைத்தால் தையில் அறுத்த சம்பா வைக்கோலே நல்லது, விலை கூடினாலும்.

போர் போடும் இடம் மேடாக இருக்க வேண்டும். முதலில் செங்கல் வரிசை, அதன் மேல் பனஞ்சட்டமோ தென்னை மட்டையோ பரப்பித் தரையிலிருந்து ஓரடியாவது தூக்குங்கள். அதன் மேல் நடுப்பகுதி எப்போதும் ஓரத்தைவிட உயரமாக இருக்கும்படி அடுக்கிக்கொண்டே போக வேண்டும். நடு தாழ்ந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். உச்சியைக் கூரை முகடுபோல முடித்து, பழுதை (வைக்கோல் கயிறு) திரித்துக் குறுக்கே போட்டு, இரு முனையிலும் கல் கட்டித் தொங்கவிடுங்கள். இது படித்து வருகிற வேலை அல்ல. ஊரில் போர் போடத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் இருப்பார். கூலியோடு வெற்றிலை பாக்கும் வைத்து அவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் வைக்கோலைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு பார்த்துக் கொள்ளுங்கள்.

தார்ப்பாயை முழுவதும் போர்த்துவது முதலாண்டுத் தவறு. நான் செய்தது அதுதான். உள்ளிருந்த ஆவி வெளியேற வழியில்லாமல், மழையில் நனையாத வைக்கோலும் பூத்துப்போனது. உச்சிக்கு மட்டும் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். மழையும் காற்றும் வடகிழக்கிலிருந்து அடிப்பதால், தினமும் வைக்கோல் பிடுங்குவது தென்மேற்கு முகத்தில் இருக்கட்டும். பூஞ்சணம் பிடித்ததை உதறிப் போட்டால் மாடு தின்னத்தான் செய்யும். வயிறும் கெடும், பாலும் கெடும். அதை வாழைக்கு மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.

இதே வாரத்தில் விறகு, வறட்டி, காய்ந்த பாளை, மட்டை, பன்னாடை எல்லாவற்றையும் தாழ்வாரத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஓடு மாற்றுவதும் இப்போதுதான். ஐப்பசியில் கூரை மேல் ஏற ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் ஏற்றக்கூடாது.

கொட்டகை

ஆடம்பரமான கொட்டகை தேவையில்லை. காய்ந்த தரை, வாடைக்காற்றுக்கு மறைப்பு, புகை போக வழி. இவ்வளவு போதும்.

தரை பின்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு மூன்று அங்குலம் சரிய வேண்டும். மூத்திரமும் கழுவிய தண்ணீரும் ஓடி எருக்குழி ஓரத்தில் சேர வேண்டும். மண்தரையாக இருந்தால் புரட்டாசியிலேயே சரளையும் மணலும் கொட்டி இடித்து மேடாக்குங்கள். வடக்கிலும் கிழக்கிலும் கீற்றுத் தட்டி கட்டுங்கள், ஆனால் மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டு. நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில் மாடு குளிரால் நோகாது, தன் மூத்திர வாடையால் இருமும். சாயங்காலம் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகைமூட்டம் போடுவது கொசுவுக்கும் ஈக்கும் நல்லது. வைக்கோல் பக்கம் தீப்பொறி போகாத இடமாகப் பார்த்து மூட்டுங்கள், நீங்களும் அருகிலேயே இருங்கள்.

எந்த மாடு வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி மாடு இந்தச் சேற்றுக்கென்றே பிறந்தது. கன்று பிறக்கும்போது செம்பட்டையாக இருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நிறம் மாறுகிறதே என்று மருத்துவரிடம் ஓட வேண்டாம். பால் குறைவு, வீட்டுக்குத்தான் காணும். கலப்பின மாடு நிறையக் கறக்கும், மழைக்காலத்தில் மடிநோயும் அதற்குத்தான் முதலில் வரும். முதலாண்டுக்காரர்களுக்கு என் யோசனை உம்பளச்சேரிதான். பால் வியாபாரம் பிறகு பார்க்கலாம்.

மடிநோய்க்கு ஒரு சிறு காவல் உண்டு. கறந்து முடித்த பின் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு ஈரத்தரையில் படுத்தால் கிருமி உள்ளே போகும். ஆகவே கறந்தவுடன் காடியில் தீவனத்தைப் போடுங்கள், அது நின்று தின்னும்.

ஊசி, புழு, இளம்புல்

மழைக்கு முன்பே ஊசிகள் முடிந்திருக்க வேண்டும். மாட்டுக்குத் தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் மழையை ஒட்டி வருபவை. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஆட்டுக்குத் துள்ளுமாரியும் ஆட்டுக்கொல்லியும். அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் முகாம் நாளைச் சொல்வார்கள். குடற்புழு மருந்தையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். நம் பகுதியில் தட்டைப்புழு ஒரு தனித் தொல்லை. தேங்கிய தண்ணீரில் வாழும் நத்தைகள் வழியாகப் பரவுகிறது. மாட்டின் தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கினால் அதைச் சந்தேகித்து மருத்துவரைப் பாருங்கள். குட்டை ஓரத்தில் மேயவிடாமல் இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

மழை பெய்த பத்தாம் நாள் வரப்பெல்லாம் பசேல் என்றிருக்கும். ஆசையாக அவிழ்த்துவிடத் தோன்றும். வெறும் வயிற்றில் இளம்புல் மேய்ந்த மாடு இடப்பக்க வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். ஆட்டுக்குத் துள்ளுமாரியும் இப்படித்தான் வரும்: மாலையில் நன்றாக மேய்ந்தது, காலையில் செத்துக் கிடக்கும். முதலில் ஒரு பிடி வைக்கோல், பனி உலர்ந்த பின் மேய்ச்சல், அதுவும் முதல் வாரம் அரை மணி நேரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. அடைமழை நாட்களில் அகத்தி, பூவரசு, கிளுவைத் தழையை ஒடித்து, தண்ணீர் வடியத் தொங்கவிட்டுப் போடலாம். வயிறு உப்பிய மாட்டுக்கு மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றுவதை ஊரில் பார்ப்பீர்கள். பழகாத கை ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

ஆடும் கோழியும்

ஆடு மழையைத் தாங்கும், ஈரத்தரையைத் தாங்காது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் பரண் போட்டுவிடுங்கள். சட்டங்களுக்கு இடையே புழுக்கை விழும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்கட்டும்; குட்டியின் கால் மாட்டக்கூடாது. என்னுடைய மூன்று ஆடுகளும் நொண்டியது பரண் இல்லாத குறையால்தான்.

கோழிக்கு அவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து, இரவில் பஞ்சாரத்தின் மேல் சாக்கு, மரநாய் நுழையாத கதவு. அடைவைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஐப்பசியில் அடைவைத்தால் இருபத்தொரு நாள் கழித்து நல்ல மழைக்குள் குஞ்சு இறங்கும், பாதி விறைத்துப்போகும். கார்த்திகைக் கடைசியில் வைத்தால் குஞ்சு வெயிலைப் பார்த்து வளரும்.

கொல்லைச் செடிகள்

தக்காளி, வெண்டை, மிளகாயை இந்த இரண்டு மாதத்துக்கு மறந்துவிடலாம் என்பது என் கட்சி. மறக்க முடியாதவர்கள் மூன்றடி அகலம், ஓரடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, இரண்டு பாத்திக்கு நடுவே வாய்க்கால் விட்டுப் பயிரிடுங்கள்.

கூதிர் பருவத்துக்கு உரியது அவரை. ஆடியில் போட்ட அவரை பந்தலில் ஏறி, பொழுது குறையக் குறையப் பூவெடுக்கும். கார்த்திகையில் பிஞ்சு இறங்கத் தொடங்கித் தை வரை ஓயாது. மூட்டம் போட்ட நாட்களில் கொழுந்தில் அசுவினிப் பூச்சி மொய்க்கும். விடியற்காலையில் இலை ஈரமாக இருக்கும்போது அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். மழை கழுவிவிடும், மறுபடி தூவுங்கள். ஐப்பசி பிறந்ததும் எருக்குழி ஓரத்தில் நாலு பரங்கி விதை ஊன்றினால் மார்கழிக் கோலத்துக்குப் பூ வீட்டிலேயே கிடைக்கும். பொங்கலுக்கு வைத்திருக்கும் மஞ்சள், இஞ்சி, சேம்பு, கருணைப் பாத்திகளில் தண்ணீர் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது. கிழங்கு அழுகியது மேலே இலை மஞ்சளாகும் வரை தெரியாது.

கீரைக்குப் பாத்தி எதற்கு? பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் கரிசலாங்கண்ணியும் வரப்பில் தானாக வரும். வயல் நண்டும் இந்த மாதத்தில்தான். நண்டு ரசம் வைக்கத் தெரிந்த அத்தையோ அப்பாயியோ இருந்தால் சளி பிடித்தவர் கொடுத்துவைத்தவர். பூச்சிமருந்து அடித்த வயலின் நண்டைத் தொடாதீர்கள்.

தென்னையும் புயலும்

தென்னைக்குப் புரட்டாசியிலேயே இரண்டு வேலை. உச்சிக்குருத்து அழுகாமல் இருக்க ஒரு சத போர்டோ கலவை தெளிப்பது ஒன்று. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை ஐந்து லிட்டர் தண்ணீரிலும், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை வேறொரு ஐந்து லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றுங்கள். பளபளப்பான கத்தியை நனைத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்றே தெளித்துவிட வேண்டும். இரண்டாவது வேலை, காய்ந்த மட்டையையும் முற்றிய தேங்காயையும் இறக்கித் தலைக்கனத்தைக் குறைப்பது. வீட்டுக்கும் கொட்டகைக்கும் மேல் சாய்ந்த மரத்துக்கு முதலிடம். தாரேந்திய வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுங்கள்.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் கொல்லையில் நாற்பத்திரண்டு தென்னையில் பதினொன்று மிஞ்சியது. அந்த இரவில் ஒரு சமயம் காற்று சட்டென்று தணிந்தது. முடிந்தது என்று விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போக எழுந்தேன். அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடித்தது. வடக்குக் காற்றுக்குத் தாங்கிய மரங்களெல்லாம் தெற்குக் காற்றில் சாய்ந்தன. காற்று தணிந்தால் வெளியே வராதீர்கள், அது புயலின் கண்ணாக இருக்கலாம்.

எச்சரிக்கை வந்ததும் மாடு, ஆடுகளை மரத்தடியிலிருந்தும் பழைய சுவர் ஓரத்திலிருந்தும் அகற்றுங்கள். இரவு கட்டிவைக்காதீர்கள். கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மேட்டில் விட்டால் அவை தம்மைக் காத்துக்கொள்ளும். கட்டிய மாடு கூரைக்கு அடியில் கிடக்கும். தொட்டிகளை நிரப்பி வையுங்கள். கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை, கைபம்பு இருந்த வீட்டின் முன் ஊரே நின்றது. மறுநாள் அறுந்து கிடக்கும் கம்பியைக் காலால் ஒதுக்குகிற வேலையும் வேண்டாம்.

அடைமழை நாளின் நடைமுறை

ஐந்தரைக்கு எழுந்ததும் முதலில் மின்விளக்கை அடித்துத் தரையைப் பாருங்கள், பிறகு காலை வையுங்கள். பொந்துகளில் தண்ணீர் ஏறும்போது பாம்பும் தேளும் நட்டுவாக்காலியும் காய்ந்த இடம் தேடும், அது பெரும்பாலும் உங்கள் விறகுப் பரண். கட்டுவிரியன் இரவில் வரும். கடித்தது வலிக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, இமை சொருகல் என்று தொடங்கும். ஆகவே இந்த இரண்டு மாதம் தரையில் படுக்க வேண்டாம். கட்டிலில் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். சந்தேகம் வந்தாலே 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுப்போடுவதும் கீறுவதும் மந்திரிப்பதும் நேரத்தைத்தான் தின்னும்.

சாணி அள்ளி, கறந்து, தீவனம் போட்ட கையோடு வாய்க்காலை ஒரு சுற்றுப் பாருங்கள். வாழைச் சருகு ஒன்று அடைத்தாலும் போதும், பாத்தி மூழ்கிவிடும். சேற்றிலிருந்து ஏறியதும் காலைக் கழுவி விரலிடுக்குகளைத் துணியால் துடைக்க வேண்டும். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசுவது இங்கே வழக்கம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்தால் கஷாயத்தில் நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சேற்றில் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

மத்தியானம் வேலை இருக்காது. பத்தாயத்து நெல்லைக் கையால் அளைந்து சூடு இருக்கிறதா என்று பாருங்கள், கயிறு திரியுங்கள், தூங்குங்கள். வெயில் இரண்டு மணி நேரம் அடித்தால் சாக்கு, தட்டி, போர்வை, தவிடு எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். விருந்தாளி வந்தாலும் அவரையும் ஒரு முனை பிடிக்கச் சொல்லுங்கள், இங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கார்த்திகை தீபத்தை ஒட்டி எருக்குழி மேட்டிலும் ஓர் அகல் வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. குப்பைக் கார்த்திகை என்பார்கள். முதல் மூன்று ஆண்டுகள் விளக்கை வாழை மட்டையில் மிதக்கவிட்டு வந்தேன். நான்காம் ஆண்டுதான் அகல் வைக்கக் காய்ந்த இடம் கிடைத்தது. வடிகால் சரியாகிவிட்டது என்ற நினைப்பில் மறுநாளே வேலியோர வாய்க்காலைப் பாதி தூர்த்துவிட்டேன். பத்து நாளில் மார்கழி மழை வந்தது. பொங்கல் கழியும் வரை வாய்க்கால்கள் திறந்தே கிடக்கட்டும்.